தோற்றவர்கள் தாங்கிய அரியணை

1905ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், வட சீனத்தின் ஷான்ஸி மாநிலத்தில், வணிகர் ஒருவரின் இல்லத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வாழ்ந்துகொண்டிருந்த நாற்பத்தெட்டு வயது ஆசிரியருக்கு ஒரு செய்தி எட்டியது. அடுத்த ஆண்டு முதல் அரசுத் தேர்வுகள் நடைபெறமாட்டா. பேரரசின் ஆணை பிறந்துவிட்டது. அந்த ஆசிரியரின் பெயர் லியூ தாபெங். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதிவந்தவர் அவர். அன்றைய நாட்குறிப்பில், தம் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அணைந்துபோனதை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். ஊர் ஊராகப் பாடம் சொல்லிப் பிழைக்கும் தம்மைப் போன்றவர்கள் இனி எதைக் கொண்டு உயிர் வாழ்வார்கள் என்ற கவலையும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

லியூ தாபெங் ஒன்றும் அறியாதவர் அல்லர். 1894இல் மாநிலத் தேர்வில் வென்று 'ஜூரென்' என்னும் பட்டம் பெற்றவர். சீனத்தில் அந்தப் பட்டமே ஆயிரவரில் ஒருவருக்கும் எட்டாத கனி. ஆனால் அதற்கு மேலே, தலைநகரத் தேர்வு என்னும் படி ஒன்று இருந்தது. அதை அவர் எழுதினார், தோற்றார். மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். கனவிலிருந்து விழித்தவன் என்று பொருள்படும் புனைபெயர் ஒன்றைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டார். ஆயினும் அடுத்த தேர்வு என்ற ஒன்று இருந்தவரையில் அவர் உண்மையாக விழித்தார் என்று சொல்லிவிட முடியாது. விழிக்கச் செய்தது 1905ஆம் ஆண்டின் ஆணைதான்.

சீனப் பேரரசின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சுவரைப் பற்றியும், பேரரசர்களின் கல்லறைகளைப் பற்றியும், அரண்மனைச் சூழ்ச்சிகளைப் பற்றியுமே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேரரசு எதனால் இரண்டாயிரம் ஆண்டுகள் விழுந்தும் எழுந்தும் நிலைத்தது என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் சுவரைக் கடந்து, சுவடிகளைச் சுமந்து நடந்த மனிதர்களிடம் வந்துசேர வேண்டும். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுயி மரபினர் காலத்தில் வேர்விட்டு, தாங் மரபினர் காலத்தில் தளிர்த்து, சொங் மரபினர் காலத்தில் மரமாகி நின்ற அரசுத் தேர்வு முறை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் வாழ்ந்தது. உலகில் வேறெந்த அரசியல் ஏற்பாடும் இத்தனை நீண்ட ஆயுள் கண்டதாகச் சொல்வது கடினம்.

அந்த ஏற்பாட்டின் அடிப்படை எளிமையானது. அதிகாரியின் மகன் அதிகாரியாவான் என்ற பழைய வழக்கத்தை விடுத்து, கற்றவன் அதிகாரியாவான் என்று அரசு சொன்னது. உழவன் மகனும் எழுதலாம், வென்றால் ஆளலாம். சிற்றூரில் தொடங்கி மாவட்டம், மாநிலம், தலைநகரம் என ஏறிச்சென்று, இறுதியில் அரண்மனையில் பேரரசரே தேர்வாளராக அமரும் தேர்வு வரையில் அந்த ஏணி நீண்டது. மாவட்ட அளவில் வென்றவன் 'சியூசாய்'. மாநிலத்தில் வென்றவன் 'ஜூரென்'. தலைநகரத்திலும் அரண்மனையிலும் வென்றவன் 'ஜின்ஷி'. அந்த ஜின்ஷிகளில் முதல்வனாக வந்தவனுக்குச் 'சுவாங்யுவான்' என்று பெயர். அவன் பெயர் நாடெங்கும் நாடகமானது, கதையானது, பெண்ணைப் பெற்றவர்களின் ஆசையானது.

அரண்மனைத் தேர்வைப் பேரரசர் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டதன் நுட்பம் கருதத்தக்கது. வென்ற இளைஞன் தன்னைத் தேர்ந்த அதிகாரிக்குக் கடமைப்பட்டவனாக இருத்தல் கூடாது. பேரரசருக்கே கடமைப்பட வேண்டும். அவன் இனி அவருடைய மாணவன். தாங் மரபின் பேரரசர் தைசோங், புதிதாகத் தேறிய அறிஞர்கள் வரிசையாக நடந்துவருவதைக் கண்டு, உலகத்து வீரரெல்லாம் தம் வலைக்குள் வந்துவிட்டதாக மகிழ்ந்தார் என்று ஒரு பழஞ்செய்தி உண்டு. அது உண்மையாக நிகழ்ந்ததோ புனைந்துரைத்ததோ, அரியணையின் உள்ளக்கிடக்கையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறில்லை.

நடுநிலைக்காக அந்த அரசு எடுத்துக்கொண்ட அக்கறை வியப்பூட்டுவது. சொங் மரபினர் காலத்தில் விடைத்தாளில் எழுதியவன் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தைக் கண்டு ஆளை அறிந்துவிடுவார்களோ என்ற ஐயத்தால், எழுத்தர்களை வைத்து எல்லா விடைத்தாள்களையும் படியெடுத்து, அந்தப் படிகளையே தேர்வாளர்களிடம் கொடுத்தார்கள். 1057ஆம் ஆண்டுத் தேர்வில், தலைமைத் தேர்வாளராக அமர்ந்த பேரறிஞர் ஓயாங் சியூ ஒரு விடைத்தாளைப் படித்து மயங்கினார். இத்தனை நன்றாக எழுதக்கூடியவன் தம் மாணவன் செங் கோங்தான் என்று எண்ணி, தம் மாணவனுக்கே முதலிடம் தந்ததாக ஊர் பேசுமே என்று அஞ்சி, அதை இரண்டாமிடத்துக்கு இறக்கினார். பெயரைத் திறந்து பார்த்தபோது அது சூ ஷி என்ற இளைஞன் எழுதியதாக இருந்தது. பின்னாளில் சீன இலக்கியத்தின் பெருங்கவிஞனாக விளங்கிய சூ ஷி, தேர்வாளரின் நேர்மையினால் இரண்டாமவனானான்! பெயரை மறைப்பதால் வரும் நன்மையும் தொல்லையும் ஒருங்கே இந்த நிகழ்ச்சியில் அடங்கிக் கிடக்கின்றன.

நேர்மை தவறியவர்களுக்குக் கிடைத்த தண்டனையும் சிறியதன்று. சிங் மரபின் இறுதிக் காலத்தில், 1858ஆம் ஆண்டுத் தேர்வில் நடந்த முறைகேட்டுக்காகப் பேரரசின் மிக உயர்ந்த அமைச்சர்களுள் ஒருவரான போ ஜுன் மறு ஆண்டு தலையிழந்தார். ஆனால் எது நேர்மை என்பதே சில சமயங்களில் வழக்காகிவிடும். 1397இல் மிங் மரபின் முதற்பேரரசர் காலத்தில் தலைநகரத் தேர்வில் தேறியவர் அனைவரும் தென்சீனத்தவராக அமைந்தனர். போரால் பாழ்பட்டிருந்த வடபுலத்தார் கொதித்தெழுந்தனர். மறுமுறை விடைத்தாள்களை நோக்கிய அறிஞர்களும், தகுதி தெற்கேதான் இருக்கிறது என்று சாதித்தனர். பேரரசர் சினந்தார். தேர்வாளர்கள் சிலர் கொல்லப்பட்டனர். தலைமைத் தேர்வாளர் முதுமையினால் உயிர் தப்பி நாடு கடத்தப்பட்டார். பிறகு வெளிவந்த புதிய பட்டியலில் இருந்தவர் அனைவரும் வடவர். சில பத்தாண்டுகளில் தெற்குக்கு இத்தனை, வடக்குக்கு இத்தனை என்று இடங்களைப் பிரித்து வைத்தார்கள். தகுதியையும் நாட்டின் ஒற்றுமையையும் ஒரே தராசில் நிறுக்கப் புகுந்த அரசுகளுக்கெல்லாம் அந்த 1397 முன்னோடி.

பல மாநிலத் தேர்வுக்கூடங்கள் அளவில் ஓர் ஊரைப் போன்றவை. நான்ஜிங் நகரத்துத் தேர்வுக்கூடத்தில் சிங் மரபின் இறுதிக் காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. அறை என்பதும் மிகை. மூன்று சுவர், ஒரு கூரை, முன்புறம் கதவில்லை. இரண்டு பலகைகள். ஒன்றைத் தாழ்வாக வைத்தால் இருக்கை, ஒன்றை உயர்த்தி வைத்தால் மேசை. இரவில் இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்தால் படுக்கை. காலை நீட்ட இடம் இராது. அங்கே மூன்று பகலும் இரண்டு இரவும் என மூன்று முறை அமர்ந்து எழுத வேண்டும். உணவும் விளக்கும் மையும் எழுதுகிறவனே சுமந்து வர வேண்டும். வாயிலில் காவலர் உடையை அவிழ்த்துச் சோதிப்பர். சட்டையின் உட்புறமெங்கும் எறும்பு ஊர்ந்ததுபோல் நூல்களைப் பொடி எழுத்தில் எழுதி மறைத்துச் சென்றவர்களின் உடைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கதவு பூட்டப்பட்டபின் எவன் செத்தாலும் திறப்பதில்லை. இறந்தவனின் உடலைப் பாயில் சுற்றி மதிலுக்கு வெளியே தள்ளுவர்.

1463இல் பெய்ஜிங் தேர்வுக்கூடத்தில் தீப்பிடித்தது. கதவுகள் பூட்டியிருந்தன. தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். பேரரசர் இரங்கி, இறந்தவர் அனைவருக்கும் ஜின்ஷிப் பட்டம் அளித்தார். அவர்கள் உயிரோடு இருந்தால் அந்தப் பட்டம் பெரும்பாலோருக்குக் கிடைத்திராது. இரக்கத்திலும் இத்தகைய கொடுமை உண்டு போலும்.

படிக்க வேண்டியவை கன்பூசிய மரபின் நூல்கள். அவற்றைச் சேர்த்து எண்ணினால் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள்; அனைத்தும் நெட்டுரு. மிங் மரபினர் காலத்தில் விடை எழுதுவதற்கும் ஓர் அச்சு வந்தது. எட்டுக்கால் கட்டுரை என்று பெயர். இந்த இடத்தில் இரட்டையடி, இந்த இடத்தில் எதிர்நிலை, இந்த இடத்தில் முடிப்பு என எட்டு உறுப்புகளாக வகுத்த அந்த அச்சிலிருந்து ஒரு சொல் பிறழினும் தாள் தள்ளப்படும். வரியும் ஆறும் பஞ்சமும் வழக்கும் ஆளப்போகிறவனிடம், முன்னோர் மொழிந்த தொடர் ஒன்றைத் தந்து அதை அழகாக விரித்தெழுதச் சொன்னார்கள். இதைப் பழிக்காத சீர்திருத்தக்காரர் இல்லை. பழித்தவர்கள் பலரும் அந்த அச்சில் வார்க்கப்பட்டு வந்தவர்களே என்பதும் உண்மை.

எத்தனை பேர் வென்றார்கள்? யுவான், மிங், சிங் ஆகிய மூன்று மரபினர் காலத்து ஜின்ஷிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டிப் பெய்ஜிங்கின் கன்பூசியர் கோயிலில் நட்டிருக்கிறார்கள். 198 கற்கள், ஏறத்தாழ 51,600 பெயர்கள். ஆண்டுக்கு நூறு பேர் என்ற அளவுகூடத் தேறாது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், மூன்று தலைமுறையாகப் பட்டம் எதுவும் காணாத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்று மிங், சிங் பட்டியல்களை ஆராய்ந்த அறிஞர் ஹோ பிங்தி 1962இல் எழுதினார். தந்தை வழியை மட்டும் பாராமல் சிற்றப்பனையும் மாமனையும் மாமனாரையும் கணக்கில் சேர்த்தால் அந்தப் பங்கு சுருங்கிவிடும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்தனர். இருபது ஆண்டு உழைக்காமல் படிக்கும் பிள்ளைக்குச் சோறு போடக்கூடிய வீடு எத்தகைய வீடு என்று எண்ணிப் பார்த்தால் மறுப்பின் நியாயம் விளங்கும். பெண்களுக்கு அந்த ஏணியில் காலடி வைக்கவே இடமில்லை. கூத்தாடிகளின் பிள்ளைகள் முதலிய சிலருக்கும் நெடுங்காலம் கதவடைப்புத்தான்.

இங்கேதான் சிந்தனையைச் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சீனத்தின் மக்கள் தொகை சுமார் 40 கோடி. பேரரசின் ஆட்சிப்பணி இடங்களோ சுமார் 20,000 மட்டுமே. இத்தனை பெரிய நாட்டை இத்தனை சிறு படையால் எவ்வாறு ஆள முடிந்தது? விடை வென்றவர்களிடத்தில் இல்லை. முதற்படியில் ஏறி, அதற்கு மேலே ஏற முடியாமல் நின்றுபோன சியூசாய்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் இருந்தார்கள். முதற்படியும் ஏறாதவர்கள் அதைப்போல் பல மடங்கு. அவர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கவில்லை. சிறிது மரியாதை மட்டும் கொடுத்தது. சியூசாய் தனி அங்கி உடுக்கலாம். கட்டாய உழைப்பு இல்லை. மாவட்ட அதிகாரி அவனைப் பிரம்பால் அடித்தல் ஆகாது. அதற்கு ஈடாக அவன் ஊரில் பள்ளி வைத்தான், வழக்குத் தீர்த்தான், அணைக்கும் பாலத்துக்கும் பணம் திரட்டினான், குடிமகனுக்குப் பேரரசின் நியாயத்தை எடுத்துச் சொன்னான். மூன்றாண்டுக்கு ஒரு முறை மூட்டையைக் கட்டிக்கொண்டு மாநிலத் தலைநகருக்கு நடந்தான், தோற்றுத் திரும்பினான், மறுபடியும் நூலை விரித்தான். தோற்றது தன் குறை என்று அவன் நம்பினான். தேர்வின் குறை என்று எண்ணவில்லை. அரியணையைத் தோளில் தாங்கி நின்றவர்கள் இவர்கள்தாம். நம்பிக்கையே கூலியாக இத்தனை பேரிடம் இத்தனை காலம் வேலை வாங்கிய அரசு வேறு எது?

தோல்வி எல்லோரையும் பணிய வைக்கவில்லை. சிலரை எழுத வைத்தது. 747இல் தாங் பேரரசர் நாட்டின் திறமையாளர்களை எல்லாம் தேர்வுக்கு அழைத்தார். தம் ஆட்சியைக் குறைகூறுவார்கள் என்று அஞ்சிய முதலமைச்சர் லி லின்ஃபூ ஒருவரையும் தேற விடவில்லை. நாட்டில் திறமையாளர் எவரும் மிஞ்சியில்லை, எல்லோரும் ஏற்கெனவே அரசவையில் இருக்கிறார்கள் என்று பேரரசரை வாழ்த்தினார். அன்று விரட்டப்பட்டவர்களில் ஒருவர் து ஃபூ. சீனக் கவிதையின் சிகரம் என்று இன்று போற்றப்படுபவர்.

லி ஷிசென் மூன்று முறை மாநிலத் தேர்வில் தோற்றுத் தந்தையின் மருத்துவத் தொழிலுக்குத் திரும்பினார். 27 ஆண்டுகள் உழைத்து 1,892 மருந்துகளை விளக்கும் பெருநூல் ஒன்றை முடித்தார். அவர் இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின் 1596இல்தான் அது அச்சேறியது. சோங் யிங்ஸிங் தலைநகரத் தேர்வில் ஐந்து முறை தோற்றார். பிறகு நெல் விளைப்பதையும் உப்புக் காய்ச்சுவதையும் பட்டு நெய்வதையும் இரும்பு உருக்குவதையும் படம் போட்டு விளக்கி 1637இல் ஒரு நூல் வெளியிட்டார். பதவி தேடுகிறவனுக்கு இந்த நூலால் எள்ளளவும் பயனில்லை என்று முன்னுரையில் அவரே சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியாகவே போயிற்று. பதவி தேடியவர்கள் அதைத் தொடவில்லை. சீனத்தில் அது மறைந்து, ஜப்பானில் பிழைத்திருந்து, 20ஆம் நூற்றாண்டில் தாயகம் திரும்பியது. எட்டுக்கால் கட்டுரைகளில் முதலிடம் பெற்றவை எத்தனையோ. அவற்றில் ஒன்றையேனும் இன்று விரும்பிப் படிப்பவர் உண்டா?

பூ சோங்லிங்கின் கதை எல்லாவற்றிலும் நெடியது. இருபது வயதுக்குள் சியூசாய்த் தேர்வில் முதலிடம் பெற்றார். அதன்பின் அரை நூற்றாண்டு தோற்றார். செல்வர் இல்லத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, நரிகள் பெண்ணாகும் கதைகளையும் பேய்கள் காதலிக்கும் கதைகளையும் எழுதிக் குவித்தார். அவற்றில் ஒன்றின் முடிவில், தேர்வெழுதப் போகிறவனை அடுக்கடுக்காக ஏழு உவமைகளால் எள்ளியிருக்கிறார். தம்மையே எள்ளிக்கொண்டார் என்பதுதான் உண்மை. எழுதிய பின்னும் அவர் தேர்வுக்குப் போவதை நிறுத்தவில்லை. எழுபதைத் தாண்டியபின் முதுமைக்கு மரியாதையாக ஒரு சிறு பட்டம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில், 1715இல் அவர் மறைந்தார். ஊ ஜிங்சு வேறு விதமானவர். முன்னோர் சொத்தை இழந்து, தேர்வை வெறுத்து ஒதுங்கி, அறிஞர் உலகத்தை நையாண்டி செய்யும் பெரும்புதினம் ஒன்றை 18ஆம் நூற்றாண்டில் எழுதினார். அதில் வரும் ஃபான் ஜின் என்பவன் ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒருவாறு தேறிவிட, மகிழ்ச்சியில் பித்துப் பிடித்து ஓடுகிறான். கசாப்புக் கடைக்காரனான மாமனார் ஓங்கி ஓர் அறை விட்ட பிறகே தெளிகிறான். சீன மாணவர்கள் இன்றும் பள்ளியில் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் தேர்வுக்குப் படிக்கப் போகிறார்கள்.

வேறு சிலருக்குத் தோல்வி வாளைக் கொடுத்தது. 9ஆம் நூற்றாண்டில் உப்பு வணிகன் ஹுவாங் சாவ் தேர்வில் தோற்றுக் கலகத்தில் இறங்கி, தாங் மரபின் தலைநகரான சாங்ஆனையே கைப்பற்றினான். அதனினும் பேரழிவாக வந்தது ஹோங் ஸியூசுவானின் எழுச்சி. அந்தக் கதையின் ஒரு நூலிழை மலாக்காவில் தொடங்குகிறது. வில்லியம் மில்ன் என்ற பாதிரியாரோடு 1815இல் மலாக்கா வந்த லியாங் ஃபா என்ற அச்சு எழுத்து வெட்டும் தொழிலாளி, மறு ஆண்டு அங்கே திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் தாயகம் திரும்பிச் சமயச் சிறுநூல்கள் எழுதினார். அவற்றை வழங்கச் சிறந்த இடம் எது? தேர்வுக்கூடத்தின் வாயில். ஆயிரக்கணக்கான படித்த இளைஞர் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதானே! 1836இல் குவாங்சோவ் நகரில் தேர்வெழுத வந்த ஹோங்கின் கையில் அந்நூல் கிடைத்தது. அவர் தோற்றார். 1837இல் மீண்டும் தோற்று, நோயில் விழுந்து, விண்ணுலகக் காட்சிகள் கண்டார். 1843இல் நான்காம் முறையும் தோற்றபின் அந்நூலை எடுத்துப் படித்து, தாம் கடவுளின் இரண்டாம் மகன் என்று உணர்ந்ததாக அறிவித்தார். 1851இல் மூண்ட தைப்பிங் எழுச்சி 1864இல் அடங்குவதற்குள் இரண்டு கோடிப் பேர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. இதில் ஒரு விந்தை உண்டு. 1853இல் நான்ஜிங்கைப் பிடித்துத் தலைநகராக்கிய அந்தத் தோற்ற மாணவர் தம் அரசிலும் தேர்வுகளை நடத்தினார்! பாடநூல் மாறியது, ஏணி மாறவில்லை.

அந்த ஏணியின் நிழல் தென்கடல் வரையில் விழுந்தது. 1881இல் சிங் அரசின் துணைத் தூதராகச் சிங்கப்பூருக்கு வந்த சோ பிங் லுங், அங்குள்ள சீனருக்காக ஓர் இலக்கிய மன்றம் நிறுவினார். மாதந்தோறும் கன்பூசிய நூல்களிலிருந்து தலைப்புக் கொடுத்து, வந்த கட்டுரைகளைத் தாமே திருத்திப் பரிசளித்தார். தேர்வுக்கூடம் இல்லாத தீவில் தேர்வின் பழக்கமாவது இருக்கட்டும் என்பது அவர் எண்ணம் போலும். படிக்க நேரமில்லாத வணிகர்களுக்கு வேறு வழி இருந்தது. பஞ்ச நிவாரணத்துக்கும் படைச் செலவுக்கும் பணம் கொடுத்தவர்களுக்கு அரசு பதவிப் பெயர்களை விற்றது. பினாங்கு, சிங்கப்பூர்ச் செல்வர் குடும்பங்களின் பழைய உருவப்படங்களில் மாண்டரின் அங்கியும் மார்புச் சதுரமும் அணிந்து வீற்றிருப்பவர்கள் பலரும் ஒரு நாளும் எட்டுக்கால் கட்டுரை எழுதியவர்கள் அல்லர்.

ஆனால் எழுதி வென்ற ஒருவர் சிங்கப்பூரில் வாழ்ந்தார். அரிசி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவரின் மகனான கூ சியோக் வான், தாயகம் சென்று ஃபூஜியன் மாநிலத் தேர்வெழுதி 1894இல் ஜூரென் ஆனார். ஷான்ஸியில் லியூ தாபெங் பட்டம் பெற்றதும் அதே 1894இல்தான். மறு ஆண்டு இருவரும் பெய்ஜிங்கில் தலைநகரத் தேர்வில் தோற்றனர். ஒருவர் வணிகர் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பினார். மற்றவர் சிங்கப்பூர் வந்து தந்தையின் செல்வத்துக்கு உரியவரானார். பழைய ஏணி இனிப் பயன்படாது என்பதைக் கூ சியோக் வான் விரைவில் கண்டுகொண்டார் எனலாம். 1898இல் செய்தித்தாள் தொடங்கிச் சீர்திருத்தம் பேசினார். 1899இல் டாக்டர் லிம் பூன் கெங் முதலியோர் சீனப் பெண்கள் பள்ளியைத் தொடங்கியபோது பொருளுதவி செய்தார். 1,300 ஆண்டுகள் பெண்ணுக்கு இடந்தராத தேர்வில் வென்ற ஒருவர் செய்த கொடை அது. 1900இல், பெய்ஜிங் அரண்மனை தலைக்கு விலை வைத்திருந்த காங் யூவெய்க்குத் தம் வீட்டில் புகலிடம் தந்தார். செல்வம் கரைந்து 1907இல் நொடித்துப்போனார். அதன்பிறகும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கவிதைகள் அவரிடம் எஞ்சியிருந்தன. 1941இல் சிங்கப்பூரிலேயே மறைந்தார்.

1905இல் பேரரசு தன் ஏணியைத் தானே எடுத்தெறிந்தது. ஜப்பானிடம் 1895இல் தோற்றதும், 1900இல் அந்நியப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்ததும், இனி இரும்பும் பீரங்கியும் கணிதமும் அறிந்தவர்களே வேண்டும் என்று உணர்த்தியிருந்தன. பெய்ஜிங்கின் தேர்வுக்கூடம் பாழாகிக் கிடந்தபடியால் 1904ஆம் ஆண்டின் தலைநகரத் தேர்வைக் கைஃபெங் நகரில் நடத்தினார்கள். அதுவே கடைசித் தேர்வாயிற்று. யுவான் ஷிகாய், சாங் சிதோங் முதலிய பெருந்தலைவர்கள் வேண்டிக்கொண்டபடி 1905 செப்டம்பரில் ஆணை வெளிவந்தது. சீர்திருத்தக்காரர்கள் மகிழ்ந்தனர். மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் ஏணியை எடுத்தபோது அதன் அடியில் காத்திருந்தவர்களை என்ன செய்வது என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. முதியவர்கள் லியூ தாபெங்கைப் போல் வாடினர். இளைஞர்கள் வாடவில்லை. அவர்கள் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். புதிய படையில் சேர்ந்தார்கள். இரகசியச் சங்கங்களில் கூடினார்கள். பேரரசரிடம் எதிர்பார்க்க இனி ஒன்றுமில்லை என்பதால் அஞ்சவும் ஒன்றுமில்லாமற் போயிற்று. எந்த வட்டாரங்களுக்குத் தேர்வில் இடங்கள் மிகுதியாக ஒதுக்கப்பட்டிருந்தனவோ, அங்கிருந்தே புரட்சியில் இறங்கியவர்களும் மிகுதி என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. 1911 அக்டோபரில் ஊச்சாங் நகரில் புதிய படையினர் எழுந்தனர். 1912 பிப்ரவரி 12ஆம் நாள் ஆறு வயதுப் பேரரசர் பூயியின் பெயரால் அரியணை துறக்கப்பட்டது. ஆணைக்கும் துறவுக்கும் இடையில் ஏழு ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை.

ஏணி அழிந்துவிட்டதா? சன் யாட் சென் தம் குடியரசின் ஐந்து அதிகாரங்களில் ஒன்றாகத் தேர்வை வைத்தார். தேர்வுக்கென்றே தனி மன்றம் தைவானில் நிலைபெற்றது. சீனத்தில் 1952இல் பல்கலைக்கழகங்களுக்கான பொதுத் தேர்வு தொடங்கியது. பண்பாட்டுப் புரட்சி 1966இல் அதை நிறுத்தியது. 1977 டிசம்பரில் அது மீண்டபோது, வயல்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் 57 இலட்சம் பேர் வந்தெழுதினர். இடம் கிடைத்தது ஏறத்தாழ 2,70,000 பேருக்கு. அந்தத் தேர்வில் முதலிடம் பெறும் பிள்ளையை ஊரார் இன்றும் 'சுவாங்யுவான்' என்றே அழைக்கிறார்கள். பிரிட்டனில், தாளெழுதித் தேறியவரே அரசுப்பணிக்கு வரவேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் வாதாடியவர்கள் சீனத்தைச் சான்று காட்டினார்கள். 1855 முதல் இந்திய ஆட்சிப்பணிக்குப் போட்டித் தேர்வு வந்தது. மலாயாவில் அந்தத் தேர்வின் உயர்படிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வம்சத்தாருக்கே என்று ஒதுக்கப்பட்டன. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் எத்தனை படித்தாலும் எழுத்தர் நாற்காலியிலேயே இருக்க வேண்டியதாயிற்று. பெயரை மறைத்துத் தாள் திருத்தியவர்களின் முறை, நிறத்தைப் பார்த்துக் கதவடைப்பவர்களின் கையில் போய்ச் சேர்ந்தது.

லியூ தாபெங் பேரரசு வீழ்ந்தபின் மேலும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். நிலக்கரிச் சுரங்கம் நடத்திப் பார்த்தார், வயலில் இறங்கி உழைத்தார், நாட்குறிப்பை விடவில்லை. குடியரசை அவர் ஏற்கவேயில்லை. ஜப்பானியர் ஷான்ஸியைப் பிடித்திருந்த 1942இல் அவர் இறந்தார்.

பெய்ஜிங்கின் கன்பூசியர் கோயிலில் அந்தக் கற்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. வெயிலும் மழையும் தின்று, பழைய கற்கள் பலவற்றில் எழுத்துகள் மழுங்கிவிட்டன; விரலால் தடவினாலும் யாருடைய பெயர் என்று தெரிவதில்லை. பூ சோங்லிங்கின் பெயர் அவற்றில் இல்லை. சோங் யிங்ஸிங், லி ஷிசென், ஊ ஜிங்சு பெயர்களும் இல்லை. கூ சியோக் வானும் லியூ தாபெங்கும் அங்கே இல்லை. கடைசிக் கல் 1904ஆம் ஆண்டுக்குரியது. அதை நடுவதற்கு அரண்மனையிடம் பணம் இல்லாமற்போகவே, தேறியவர்களே தங்களுக்குள் பணம் திரட்டித் தங்கள் பெயர்களை வெட்டிக்கொண்டார்கள் என்பர்.